இருட்டுக்குள் 336 மீட்டர்

தென்மேற்கு பிரான்சில் அவெய்ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் புரூனிக்கெல் என்றொரு ஊர். 1980களின் கடைசியில் அங்கே ஒரு மலைச்சரிவில், சரிந்து கிடந்த கற்குவியலின் இடுக்கிலிருந்து மெல்லிசாகக் காற்று வருவதை ஒருவர் கவனித்தார். கல்லுக்குள்ளிருந்து காற்று வருகிறது என்றால் உள்ளே குகை இருக்க வேண்டும். அவருடைய மகன், பள்ளிக்கூடம் போகிற பையன், மூன்று வருடம் அந்தக் கற்களை அகற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் முப்பது மீட்டர் நீளத்துக்கு ஊர்ந்து போகிற அளவில் ஒரு சந்து கிடைத்தது. 1990 பிப்ரவரியில் உள்ளூர்க் குகை ஆர்வலர்களில் ஒல்லியானவர்கள் மட்டும் அதற்குள் நுழைந்தார்கள். அப்போது அந்தப் பையனுக்கு 15 வயது.

உள்ளே கரடிகள் குளிர்கால உறக்கத்துக்குத் தோண்டிய குழிகள் இருந்தன. சுவரில் நகக்கீறல்கள் இருந்தன. இதெல்லாம் ஐரோப்பியக் குகைகளில் வழக்கமாகப் பார்ப்பதுதான். இன்னும் உள்ளே, வாசலிலிருந்து 336 மீட்டர் தள்ளி, ஒரு அகன்ற கூடத்தில்தான் அவர்கள் நின்றுவிட்டார்கள். தரையில் யாரோ வட்டம் கட்டி வைத்திருந்தார்கள்.

குகைக்கூரையிலிருந்து சொட்டும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணத்தைத் தரையில் விட்டுவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான வருடங்களில் அது தரையிலிருந்து மேல்நோக்கி ஒரு தூணாக வளரும். புரூனிக்கெல்லில் அப்படிப்பட்ட சுண்ணத்தூண்களை உடைத்து, துண்டுகளை ஏறக்குறைய ஒரே நீளத்தில் தேர்ந்தெடுத்து, வளையமாக அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் சுமார் 400 துண்டுகள், எடை 2.2 டன். வரிசையாகப் படுக்க வைத்தால் 112 மீட்டர் நீளும். பெரிய வளையம் 6.7 மீட்டருக்கு 4.5 மீட்டர். பக்கத்தில் இரண்டு மீட்டர் அகலத்தில் சின்ன வளையம் ஒன்று. தவிர நான்கு குவியல்கள். சில இடங்களில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு வரை வைத்திருக்கிறார்கள். அடுக்கு சரியாமல் இருக்க இடையில் சின்னத் துண்டுகளைச் செருகியிருக்கிறார்கள். சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல வெளிப்பக்கம் சில துண்டுகளைச் செங்குத்தாகச் சாய்த்தும் நிறுத்தியிருக்கிறார்கள். கல் அடுக்கி வரப்புச் சுவர் கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புரியும். பெரிய கல்லுக்கு அண்டை கொடுக்கும் சின்னக் கல்லை யாரும் தற்செயலாக வைப்பதில்லை.

யார் கட்டியது? தொல்லியலாளர் ஃபிரான்சுவா ரூசோ 1990களில் அங்கே கிடைத்த கருகிய எலும்பு ஒன்றைக் கார்பன் முறையில் சோதிக்க வைத்தார். குறைந்தது 47,600 வருடம் என்று பதில் வந்தது. குறைந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். கார்பன் முறை ஏறக்குறைய 50,000 வருடத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு பழையது என்று அதனால் சொல்ல முடியாது. 1999இல் ரூசோ இறந்துபோனார். வேலை அப்படியே நின்றது. குகைச் சுண்ணப் படிவங்களை ஆராயும் பெல்ஜிய விஞ்ஞானி சோஃபி வெர்ஹைடன் பல வருடம் கழித்து இதைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, அவருக்கு எழுந்த கேள்வி மிக எளிமையானது: எலும்பை விடுங்கள், அந்தச் சுண்ணத்தூண்களின் வயதையே ஏன் யாரும் கணக்கிடவில்லை?

அதைக் கணக்கிட வழி இருக்கிறது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே சொட்டும் நீரோடு சுண்ணத்துக்குள் யுரேனியம் வந்து சேரும், தோரியம் வராது. உள்ளே மாட்டிக்கொண்ட யுரேனியம் தெரிந்த வேகத்தில் சிதைந்து தோரியமாக மாறிக்கொண்டே இருக்கும். இரண்டின் விகிதத்தை அளந்தால் அந்தப் படிவம் எப்போது உருவானது என்று சொல்லிவிடலாம். பல லட்சம் வருடம் வரைக்கும் இந்தக் கடிகாரம் ஓடும். புரூனிக்கெல்லில் இன்னொரு வசதியும் இருந்தது. தூணை உடைத்த நாளில் அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. ஆகவே உடைந்த துண்டின் கடைசிப் படலம் ‘இதற்குப் பிறகுதான் உடைத்தார்கள்’ என்று சொல்லும். அடுக்கிய பிறகு அந்தத் துண்டுகளின் மேல் புதிதாகச் சுண்ணம் படியத் தொடங்கியது. அதன் முதல் படலம் ‘இதற்கு முன்பே அடுக்கிவிட்டார்கள்’ என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில்தான் கட்டிய காலம் இருக்க வேண்டும்.

வெர்ஹைடன், ஜாக் ஜோபேர், டொமினிக் ஜெந்தி ஆகியோரின் குழு 2016 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டது. 1,76,500 வருடம், இரண்டாயிரம் வருடம் முன்பின். அந்தக் காலத்தில் நம் இனம் ஐரோப்பாவின் அந்தப் பகுதிக்கு வந்திருக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் நியாண்டர்தால்கள் மட்டும்தான், பின்னால் அழிந்துபோன இன்னொரு மனித இனம்.

அப்புறம் நெருப்பு. வளையங்களிலும் குவியல்களிலும் சூட்டால் சிவந்த, கருத்த, வெடித்த துண்டுகள் நூற்றுக்கும் மேல். நெருப்பைத் தரையில் மூட்டவில்லை, அடுக்கிய கல்லின் மேலேயே மூட்டியிருக்கிறார்கள். சூடேறிய கல்லில் காந்தத் தன்மை மாறும். கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றத்தையும் கருவிகளால் அளந்து உறுதி செய்தார்கள். இந்த இடம் வாசலிலிருந்து ஒரு கால்பந்து மைதானத்தைப்போல மூன்று மடங்கு தூரம் உள்ளே என்பதை மறந்துவிட வேண்டாம். பகல் வெளிச்சம் ஒரு பொட்டுகூட வராது. கையில் விளக்கோ பந்தமோ இல்லாமல் யாரும் அங்கே போயிருக்க முடியாது. ஒருவர் உடைக்க, ஒருவர் தூக்க, ஒருவர் வெளிச்சம் காட்ட, பலர் சேர்ந்து மணிக்கணக்கில் செய்த வேலை இது.

சரி, இது சடங்கா?

கட்டுரை எழுதியவர்கள் இந்தச் சொல்லைத் தயங்கித் தயங்கித்தான் பயன்படுத்தினார்கள். ஏதாவது சடங்குக்காக இருக்கலாம், ஒதுங்கும் இடமாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் திறந்து வைத்தார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்குப் படுவதைச் சொல்கிறேன். மழைக்கு ஒதுங்க வந்தவன் வாசலருகே ஒதுங்குவான். குளிருக்கு நெருப்பு மூட்டுகிறவன் தூணை உடைத்து வட்டம் கட்டமாட்டான். தங்கியிருந்தால் கல்லாயுதச் சில்லுகளும் தின்ற எலும்புகளும் சிதறிக் கிடக்கும். அந்தக் கூடத்தில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. வயிற்றுக்கும் உடம்புக்கும் தேவைப்படாத ஒரு காரியத்துக்கு இத்தனை பேர் இத்தனை உழைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் என்னவாக இருந்தாலும் அது அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. இதற்குமேல் ஒரு அடி எடுத்து வைத்து ‘கோயில்’ என்று சொல்ல எனக்கும் துணிவில்லை.

துணிந்து சொன்னவர்கள் பட்ட பாடு தெரிந்ததுதான் காரணம். சடங்கு என்பது செயலும் அர்த்தமும் சேர்ந்தது. மண்ணில் செயலின் எச்சம் மட்டும்தான் மிஞ்சும். அடுப்புக்கரியும் வேள்விக்கரியும் மண்ணுக்கு ஒன்றுதான்.

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில், 2,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் டிராகன்லோக் என்ற குகை இருக்கிறது. எமில் பெக்லர் 1917 முதல் 1923 வரை அங்கே தோண்டினார். குகைக்கரடிகளின் மண்டையோடுகளைக் கற்பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்ததாகவும், நியாண்டர்தால்கள் கரடியைத் தெய்வமாக வழிபட்டதாகவும் எழுதினார். உலகமே நம்பியது. பாடப் புத்தகங்கள் வரை போனது. பின்னால் வந்தவர்கள் நிதானமாகப் பார்த்தபோது, வெவ்வேறு வருடங்களில் அவர் வெளியிட்ட கற்பெட்டிப் படங்களே ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. கூரையிலிருந்து பலகை பலகையாகக் கல் விழுகிற குகை அது. குளிர்கால உறக்கத்திலேயே இறந்துபோகும் கரடிகள் தலைமுறை தலைமுறையாக அங்கே எலும்பாகக் கிடந்திருக்கின்றன. விழுந்த பலகைக்கு அடியில் ஒரு மண்டையோடு இருந்தால் அது பெட்டிபோலத்தான் தெரியும். கரடி வழிபாடு இன்று ஆய்வாளர்களிடையே எடுபடுவதில்லை.

ஈராக்கின் குர்திஸ்தான் மலையில் உள்ள ஷானிதார் குகைக்கதை இன்னும் உருக்கமானது. 1960இல் ரால்ஃப் சொலெக்கியின் குழு அங்கே ஒரு நியாண்டர்தால் ஆணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. அதைச் சுற்றியிருந்த மண்ணில் பூக்களின் மகரந்தம் கொத்துக் கொத்தாக இருப்பதை ஆர்லெட் லெருவா-குர்ஹான் கண்டறிந்தார். இறந்தவரைப் பூப்படுக்கையில் கிடத்தினார்கள் என்ற சித்திரம் அதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் அந்தப் பகுதியில் பூக்களை வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கும் ஒரு வகை எலி இருக்கிறது. மண்ணுக்குள் கூடு கட்டி மகரந்தம் சேர்க்கும் தேனீக்களும் அதே குகைத்தரையில் இருப்பதை 2023இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள்: பூ இல்லாவிட்டாலும், தலைமுறைகள் மாறி மாறி இறந்தவர்களை அந்த ஒரே இடத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது நிற்கிறது. எனக்கு அது பூவைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது.

இறந்தவர்களை இருட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்களா என்ற கேள்வி இன்னும் பழைய காலத்துக்கும் நீள்கிறது. ஸ்பெயினில் அட்டபுவெர்க்கா மலையில், குகைக்குள்ளே 13 மீட்டர் ஆழமுள்ள ஒரு குழியின் அடியில் குறைந்தது 28 பேரின் எலும்புகள் கிடந்தன. வயது சுமார் 4,30,000 வருடம். அவற்றோடு ஒரே ஒரு கைக்கோடரி, சிவப்புக் குவார்ட்சைட் கல்லில் செய்தது. தோண்டியவர்கள் அதைக் காணிக்கை என்றார்கள். அதே குழியில் ஏராளமான கரடி எலும்புகளும் இருந்ததால், விழுந்து செத்தவையா போட்டவையா என்ற சந்தேகம் விட்டபாடில்லை. தென்னாப்பிரிக்காவில் ரைசிங் ஸ்டார் குகை விவகாரம் இதைவிடச் சூடு. 2013இல் அங்கே கிடைத்த, ஹோமோ நலேடி என்ற அழிந்துபோன மனித இனத்தின் எலும்புகள் குறைந்தது 15 பேருடையவை. அவர்களின் மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அறைக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் சந்தின் அகலம் 18 சென்டிமீட்டர்தான். ஒல்லியான உடல்வாகுள்ள ஆறு பெண் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் உள்ளே அனுப்பினார்கள். குழி தோண்டிப் புதைத்தார்கள், சுவரில் கோடு கீறினார்கள் என்று அந்த ஆய்வை நடத்திய லீ பெர்கரின் குழு 2023இல் அறிவித்தபோது, கட்டுரையை மதிப்பிட்டவர்கள் சான்று போதாது என்று பகிரங்கமாகவே எழுதினார்கள். விவாதம் ஓயவில்லை.

புதைப்பு என்று அனேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஓரிடம் கென்யக் கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. பங்கா யா சயீதி குகையின் வாய்ப்பகுதியில், ஏறக்குறைய மூன்று மீட்டர் ஆழத்தில், 78,000 வருடத்துக்கு முந்தைய ஒரு குழந்தை. வயது இரண்டரையிலிருந்து மூன்றுக்குள். சுவாஹிலியில் குழந்தை என்று பொருள்படும் ‘ம்டோட்டோ’ என்றே பெயர் வைத்தார்கள். எலும்பு தொட்டால் பொடியாகிவிடும் நிலையில் இருந்தது. ஆகவே மண்கட்டியோடு பெயர்த்தெடுத்து, மாவுக்கட்டு போட்டு, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த் துகள் துகளாக மண்ணை நீக்கினார்கள். காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். தோள்பட்டை எலும்புகள் உள்பக்கமாக இறுகியிருந்தன. உடம்பின் மேல்பகுதியைத் துணிபோல, ஒருவேளை தோலோ இலையோ, எதிலோ இறுகச் சுற்றியிருந்தால்தான் அப்படி ஆகும். தலை சற்றுத் தொய்ந்து சரிந்திருந்தது. அதன் அடியில் ஏதோ மெத்தென்ற பொருள் இருந்திருக்கிறது. அது மக்கிப்போன இடத்தில் தலை தாழ்ந்துவிட்டது.

மண்ணில் எஞ்சாத தலையணையை, ஒரு தலை சாய்ந்திருக்கும் கோணத்திலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். 2021இல் இந்த ஆய்வை வாசித்தபோது அந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். சடங்குக்கான சான்று என்பது பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். எலும்பு மட்டும் பேசாது, அது கிடக்கும் விதமும் சேர்ந்துதான் பேசும்.

இஸ்ரேலின் மேற்கு கலிலேயாவில் உள்ள மனோட் குகை வேறொரு விஷயத்தில் தெளிவு தருகிறது. அங்கே மனிதர்கள் வாசலை ஒட்டி வாழ்ந்தார்கள். சமைத்தது, ஆயுதம் செதுக்கியது எல்லாம் அங்கேதான். ஆனால் குகையின் ஆக ஆழமான, ஆக இருண்ட பகுதியில், ஒரு மாடத்தில் ஒரு பாறையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதில் ஆமை ஓடுபோல வரிகள் கீறியிருக்கின்றன. 2024 டிசம்பரில் வெளியான கட்டுரை அதன் காலத்தை 37,000 முதல் 35,000 வருடம் என்கிறது. பக்கத்துச் சுண்ணத்தூண்களின் படலங்களுக்குள் மரச்சாம்பல் அகப்பட்டிருந்தது. பந்தம் கொளுத்தி வந்திருக்கிறார்கள். வீடு வெளிச்சத்தில், வேறொன்று இருட்டில். ஒரே குகைக்குள் இப்படி இரண்டும் பிரிந்து கிடைப்பதால்தான் இந்தச் சான்றுக்கு இத்தனை பலம். புரூனிக்கெல்லில் ஒரு பாதிதான் நம்மிடம் இருக்கிறது.

ஆனாலும் மனோட்டிலும் ஆமை எதற்கு என்று தெரியாது. அர்த்தம் கைக்கு எட்டிய இடம் ஒன்று உண்டு. அது ஆஸ்திரேலியாவில்.

விக்டோரியா மாநிலத்தின் கிழக்கில், மலையடிவாரத்தில் பக்கன் என்ற ஊருக்கு அருகே கிளாக்ஸ் என்ற சின்னச் சுண்ணாம்புக் குகை இருக்கிறது. அது குனாய்குர்னாய் மக்களின் மண். 1970களில் ஜோசபின் ஃப்ளட் அங்கே அகழாய்வு செய்தார். அன்றைய வழக்கப்படி அந்த மக்களைக் கலந்து செய்த ஆய்வு அல்ல அது. அரை நூற்றாண்டு கழித்து, குனாய்குர்னாய் மூத்தோரே அழைத்து, மொனாஷ் பல்கலைக்கழகத்தின் புரூனோ டேவிட் குழுவோடு சேர்ந்து மறுபடி தோண்டினார்கள். மூத்தவரான ரஸ்ஸல் மல்லெட் அந்த ஆய்வில் பங்காளி.

கிடைத்தவை இரண்டு சின்ன அடுப்புகள். அடுப்பு என்று சொல்வதே மிகை. ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை அளவுதான். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குச்சி. கிளைக்கணுக்களைச் சீவி வழவழப்பாக்கிய குச்சி, நுனி லேசாகக் கருகியது. மரம் காசுவரினா, அதாவது நம் கடற்கரை ஊர்களில் தோப்பு தோப்பாக நிற்கும் சவுக்கின் இனம். குச்சியில் கொழுப்பு தடவியிருந்தது வேதியியல் சோதனையில் தெரிந்தது. அடுப்பில் சமைத்ததற்கான எலும்போ வேறு எச்சமோ இல்லை. நெருப்பு கொஞ்ச நேரம், குறைந்த சூட்டில்தான் எரிந்திருக்கிறது. ஒரு குச்சிக்கு வயது சுமார் 12,000 வருடம். இன்னொன்றுக்கு 11,000. நடுவில் ஆயிரம் வருடம் ஓடியிருக்கிறது, செய்முறை மாறவில்லை.

இதை மட்டும் வைத்து ஒரு தொல்லியலாளர் என்ன சொல்லியிருப்பார்? ‘சடங்குப் பொருளாக இருக்கலாம்’ என்று எழுதிவிட்டு நிறுத்தியிருப்பார்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் ஆல்ஃபிரட் ஹோவிட் என்ற அரசு அதிகாரி இருந்தார். குனாய்குர்னாய் மக்களிடம் கேட்டுக் கேட்டு அவர்கள் வழக்கங்களை எழுதி வைத்தவர். 1880களில் அவர் பதிவு செய்த ஒரு வழக்கம் இது. முல்லா-முல்லுங் எனப்படும் மந்திர மருத்துவர், குறிப்பிட்ட ஆளுக்குச் சொந்தமான ஏதாவது ஒரு பொருளை ஒரு குச்சியின் நுனியில் கட்டுவார். மனிதக் கொழுப்போ கங்காரு கொழுப்போ அதில் தடவப்படும். குச்சியை ஒரு நெருப்புக்கு முன்னால் சாய்வாக நட்டு வைப்பார். அது சரிந்து விழும்வரை அந்த ஆளின் பெயரைச் சொல்லிப் பாடுவார். குச்சி விழுந்தால் மந்திரம் பலித்தது. குச்சிக்கு எடுக்கும் மரம் காசுவரினா என்பதையும் ஹோவிட் குறித்திருக்கிறார்.

தோண்டி எடுத்ததையும் இந்தப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்ன நெருப்பு, சீவிய ஒற்றைக் குச்சி, அதே மரம், அதே கொழுப்பு. ஹோவிட் எழுதியது கிளாக்ஸ் குகைக்குள் அடுப்பு இருப்பது யாருக்கும் தெரியாத காலத்தில். குகையில் மக்கள் குடியிருக்கவில்லை, முல்லா-முல்லுங்கள் மட்டும்தான் இப்படிப்பட்ட குகைகளுக்குப் போவார்கள் என்பதும் அந்தப் பழைய பதிவுகளில் இருக்கிறது. அகழாய்வும் அதையே காட்டியது: உண்டு கழித்த எலும்புகள் அங்கே இல்லை. 2024 ஜூலையில் இது வெளியானபோது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு, 500 தலைமுறை. எழுத்து கிடையாது, கோயில் கிடையாது. பார்த்துச் செய்து, சொல்லிக் கொடுத்து, அத்தனை தலைமுறை கடந்து வந்திருக்கிறது.

அந்தக் குறிப்பிட்ட இரண்டு குச்சிகள் யாரைக் குணப்படுத்தவா, யாருக்குத் தீங்கு செய்யவா என்று குச்சி சொல்லாது. அதைப் பற்றி ஆய்வாளர்களும் அடக்கமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் செயலின் வடிவம் இன்னதென்று தெரிந்துவிட்டது. அதைத் தெரிய வைத்தது நுண்ணோக்கியும் கார்பன் கணக்கும் மட்டுமல்ல. ஒரு சமூகம் தன் நினைவைக் காப்பாற்றியிருக்கிறது, அந்தச் சமூகத்தை உட்கார வைத்துக் கேட்க ஆள் வந்திருக்கிறது. குகை ஆய்வுகளில் இத்தனை காலமும் விடுபட்டுப்போனது இந்தக் கடைசிப் பாதிதான் என்று நான் நினைக்கிறேன். ஐரோப்பாவில் நூறு வருடம் ஊகித்த அளவுக்கு, ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பக்கத்து ஊர்க்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

புரூனிக்கெல்லில் கேட்பதற்கு ஆள் இல்லை. நியாண்டர்தால்கள் போய் நாற்பதாயிரம் வருடம் ஆகிறது. எஞ்சியிருப்பது அந்த வளையம் மட்டும். அதன் உள்தரையைச் சுண்ணப் படலம் மூடியிருக்கிறது. கட்டியவர்கள் போன பிறகு சொட்டுச் சொட்டாகப் படிந்து இறுகியது அது. அதன் அடியில் சாம்பல் இருக்கலாம், எலும்பு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பார்க்க வேண்டும் என்றால் அந்தப் படலத்தை உடைக்க வேண்டும்.